தீயைப் பழகாத குட்டைப் பைன்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது, நிதானமாகவே கேளுங்கள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவின் உயர்மலைகளில் ஒரு செடி பாறையோடு பாறையாகப் படர்ந்து கிடக்கிறது. ஊசியிலை மர வகைதான், ஆனால் பெரும்பாலும் முழங்கால் உயரம்கூட எழும்பாது. தவழும் பைன் என்கிறார்கள். தாவரவியலில் மைக்ரோகேக்ரிஸ் டெட்ராகோனா. அந்தப் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம். அந்தத் தீவை விட்டால் இயற்கையில் வேறெங்கும் கிடையாது. பைன் என்று பெயர்தானே தவிர, போடோகார்ப் குடும்பத்துச் செடி. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை மர வகையான, மேற்குத் தொடர்ச்சி மலையின் நாகேயா, இதற்குத் தூரத்துச் சொந்தம்.

அதன் கிளையை விரல்களுக்கிடையே உருட்டினால் வழுக்கி உருளாது, பட்டை தட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் செதில் இலைகள் நான்கு வரிசையாக, இடைவெளியே இல்லாமல் தண்டை மூடியிருப்பதால் தண்டே சதுரமாகிவிடுகிறது. பனிக்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடாமல் இருக்க இந்த இறுக்கம் உதவுகிறது. தரையை ஒட்டிக் கிடப்பதற்கும் அதே காரணம்தான்: அங்கே காற்றின் வேகம் குறைவு, பாறையின் வெதுவெதுப்பும் கிடைக்கும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கூம்பு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பழுத்தால் செதில்கள் சதைப்பற்றாகி, ஒளி ஊடுருவும் சிவப்பில், அசல் முசுக்கட்டைப் பழம் போலவே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் மகரந்தம். போடோகார்ப் குடும்பத்தில் பெரும்பாலானவற்றின் மகரந்தத் துகளுக்கு இரண்டு காற்றுப்பைகள். இதற்கு வழக்கமாக மூன்று. அதே மாதிரி மூன்று பை மகரந்தம் அண்டார்டிகா, தென்னமெரிக்கா, இந்தியா ஆகிய இடங்களின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் கிடைத்திருக்கிறது. தென்கண்டங்கள் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக இருந்த நாளில் எங்கும் பரவியிருந்த ஒரு வம்சம், கண்டங்கள் பிரிந்து, பனியுகங்கள் வந்துபோய், கடைசியில் ஒரு தீவின் மலைமுடிகளில் ஒதுங்கியிருக்கிறது.

குளிர் அதற்குப் பழக்கம். தீ பழக்கமில்லை. அதே தீவின் யூகலிப்டஸ் மரங்களில் பல, எரிந்தாலும் அடித்தண்டிலிருந்து துளிர்த்துவிடும். தவழும் பைன் எரிந்தால் எரிந்ததுதான். மண்ணுக்குள் பல வருடம் காத்திருக்கும் விதைச் சேமிப்பும் அதற்கு இல்லை. இன்னும் மோசம், அது வேர்விட்டிருக்கும் கறுப்பு மட்குமண்ணே எரியக்கூடியது. ஆயிரக்கணக்கான வருடங்களில் சேர்ந்த மண் போய்விட்டால் விதை கிடைத்தாலும் ஊன்ற இடம் இருக்காது.

2015இன் வசந்தம் டாஸ்மேனியாவில் கடும் வறட்சி. 2016 ஜனவரியில் மின்னல்கள் பல இடங்களில் தீ மூட்டின. மத்தியப் பீடபூமியில் மெக்கன்சி ஏரிப் பக்கம், ஆயிரம் வருடம் வாழக்கூடிய பென்சில் பைன்களும் மெத்தைச் செடிகளும் கருகின. அவையும் தவழும் பைனைப் போலவே தீயிலிருந்து மீளத் தெரியாதவை. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களுக்கான சர்வதேசச் செம்பட்டியல் தவழும் பைனை அபாயம் குறைந்த இனம் என்றே வைத்திருக்கிறது. இன்றைய நிலையைப் பார்த்தால் அது சரி. ஆனால் ஒரே ஒரு கோடையில் ஒரு மலையின் கூட்டம் மொத்தமும் போய்விடலாம் என்பதை அந்த வகைப்பாடு சொல்லாது.

இப்போது நடப்பவை பல. டாஸ்மேனியாவின் உலகப் பாரம்பரியக் காட்டுப் பகுதியில் பெரும்பாலான இடங்களில் விறகுத் தீ மூட்டத் தடை. நடைபயணிகள் அங்கே சிறு அடுப்புதான் கொண்டுபோக வேண்டும். 2019இல் மறுபடி தீ பரவியபோது பழம்பெரும் பைன்களைக் காக்க நீர்த்தெளிப்பான்கள் வைத்தார்கள். தீவின் தலைநகரான ஹோபார்ட்டின் தாவரவியல் பூங்காவில் 2005 முதல் விதை வங்கி இயங்குகிறது. கிளை வெட்டி வளர்ப்பதும் உண்டு. அதில் ஆண், பெண் இரண்டிலிருந்தும், பல மலைகளிலிருந்தும் எடுத்தால்தான் பிற்காலத்தில் விதை பிடிக்கும்.

மலையில் தீயை அணைக்கும் வேலையோ கடினம். சாலை இல்லாத இடம், ஹெலிகாப்டரில்தான் ஆள் இறங்க வேண்டும். மேலே புகை அடங்கியபின்னும் மட்குமண்ணுக்குள் கனல் வாரக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஆகவே எரிந்த இடத்தின் ஓரத்தைத் தோண்டித் தோண்டி நீர் ஊற்றி, சூடு போய்விட்டதா என்று கைவைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் நகர முடியும்.