பாவலர் பிரதர்ஸ்: பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள் போட்ட முதல் கச்சேரி!

உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் பக்கம் போனால், மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வரும் ஊர் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால், சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் அந்த வீட்டிலிருந்து ஒரு இசைக்குழு கிளம்பியதே, அதன் கதை முழுசாகத் தெரிந்தவர்கள் குறைவு. குழுவின் பெயர் 'பாவலர் பிரதர்ஸ்'.

இன்றைக்கு 'இண்டி பேண்டு' என்கிறார்கள். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாகச் சுமந்து போய், கிடைத்த மேடையில் பாடுவது. லண்டனில் 'பங்க்' இளைஞர்கள் 1976-ல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிப் பாட ஆரம்பித்தபோது உலகமே அதிசயமாகப் பார்த்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே ஒருத்தர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்துகொண்டிருந்தார். அவர்தான் பாவலர் வரதராஜன்.

அப்பா டேனியல் ராமசாமி, தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. வரதராஜன் மூத்த தாரத்துப் பிள்ளை. சின்னத்தாயம்மாளின் பிள்ளைகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். ராசய்யா பிற்பாடு இளையராஜா ஆனார், அமர்சிங் கங்கை அமரன் ஆனார். மூத்தவருக்கு கம்யூனிஸ்ட் கட்சி மேடைதான் உலகம். ஜனங்கள் முணுமுணுக்கும் சினிமா மெட்டு, வயல்காட்டு மெட்டு எதுவானாலும் எடுத்துக்கொள்வார். வார்த்தை மட்டும் அவருடையது: கூலி, பசி, ஓட்டு. மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால், பாட்டு ஒரே தடவையில் மனசில் ஒட்டிக்கொள்ளும். படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு இதைவிட நல்ல நோட்டீஸ் ஏது?

அது எவ்வளவு வேலை செய்தது என்பது 1958-ல் தெரிந்தது.

அதற்கு முந்தின வருஷம்தான் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஆட்சிக்கு வந்திருந்தார். மொத்தம் 126 இடம். கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் ஐந்து பேர். நூலிழையில் நின்ற ஆட்சி. அந்த நேரத்தில் தேவிகுளத்தில் ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகிவிட, இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளம், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம். மாநிலப் பிரிவினையில் கேரளத்தோடு போன தாலுகா. ஆனால், தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலையாளத்தில் பேசினால் பாதிப் பேருக்கு எட்டாது. அங்கேதான் பாவலர் மலையேறினார்.

காங்கிரஸின் சின்னம் அப்போது இரட்டைக் காளை. மாடு பூட்டி உழுத ஊரிலிருந்து வந்த பாட்டுக்காரருக்கு இதைவிடத் தோதான விஷயம் கிடைக்குமா! காளைகளைக் கிண்டலடித்து அவர் கட்டிய பாட்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பரவியது. ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். ஆட்சியும் தப்பித்தது. அந்த வெற்றிக்குப் பாவலரின் பாட்டு ஒரு முக்கியக் காரணம் என்று ஈ.எம்.எஸ். பாராட்டியதாக இன்றைக்கும் சொல்வார்கள். (அடுத்த வருஷம் ஜூலை 31-ல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது வேறு கதை. அதைத் தடுக்க எந்தப் பாட்டாலும் முடியவில்லை.)

ராசய்யா அண்ணனோடு சேர்ந்தபோது வயது பதினான்கு. படிப்புச் செலவுக்காக வைகை அணை கட்டும் வேலைக்குக் கூலியாகப் போனதை அவரே சொல்லியிருக்கிறார். குழுவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, பெண் குரலில் பாடுவது. மேடையேறிப் பாட அந்த நாளில் பெண்கள் கிடைப்பது கஷ்டம். தம்பியின் இளங்குரல் கைகொடுத்தது. குரல் உடைந்ததும் அந்த வேலை போயிற்று. மிச்சமிருந்தது ஆர்மோனியம். அதுவோ அண்ணனின் பெட்டி. தம்பிகள் தொடக் கூடாது, தொட்டால் அடி. அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகிய கதையை ராஜா எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் ஏறக்குறைய பத்து வருஷம், ஊர் ஊராகக் கச்சேரி. ஒரு இசையமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. எந்த மெட்டுக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது, எந்த இடத்தில் பீடி பற்ற வைக்க எழுந்து போகிறது என்பதை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. 1964-ல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு ராசய்யா மெட்டுப் போட்டார். அவர் சொந்தமாக மெட்டமைத்த முதல் பாட்டு அதுதான் என்பார்கள்.

அண்ணன் மேடையிலேயே நின்றுவிட்டார். தம்பிகளுக்கு சென்னை ஆசை. அம்மா வீட்டு ரேடியோவை விற்று நானூறு ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பினார். அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜா முன்னதாகவே சினிமா தேடிப் போயிருந்தார். அவர் தங்கியிருந்த இடம்தான் முதல் அடைக்கலம். 1968-ல் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம், பிறகு ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. கடைசியில் பஞ்சு அருணாசலத்தின் முன்னால் மேசையைத் தட்டி ராசய்யா பாடிக் காட்ட, 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. டீக்கடை டீக்கடையாக அந்தப் பாட்டுகள் ஒலித்தன.

அதைக் கேட்கப் பாவலர் இல்லை. படம் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இங்கேதான் மனசு கனக்கிறது. தம்பியின் பாட்டுக்கு இசைத்தட்டு இருந்தது, கேசட் வந்தது, இப்போது போனிலேயே எல்லாம் இருக்கிறது. அண்ணன் பாடியதோ அன்றைய கூட்டத்துக்கான பாட்டு. தேர்தல் முடிந்தால் பந்தலைப் பிரிப்பார்கள், பாட்டும் அதோடு போகும். ஒரு ஆட்சியைக் காப்பாற்றிய குரல் என்று பெயரெடுத்தவர், இப்போது 'இளையராஜாவின் அண்ணன்' என்றுதான் அறிமுகமாகிறார். பொய்யில்லை; ஆனால், அது போதுமா? பள்ளத்தாக்கிலிருந்து சென்னைக்குப் போன அந்தத் தலைமுறைக்கு, பாட்டு என்றால் ஜனங்களின் நடுவே நின்று பாடுவது என்று காட்டியவர் அவர்தானே!

தம்பிகள் மறக்கவில்லை. பாஸ்கர் படத் தயாரிப்பில் இறங்கியபோது கம்பெனிக்கு வைத்த பெயர் பாவலர் கிரியேஷன்ஸ். 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' அந்த பேனர்தான்: தயாரிப்பு பாஸ்கர், இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா. தம்பிகள் தொடக் கூடாது என்று அண்ணன் பூட்டி வைத்த அந்த ஆர்மோனியமும் பத்திரமாக இருக்கிறது, ராஜாவிடம்.