பவளத் திட்டுகளைத் தாக்கும் நோய்கள்

பாறை என்று பெயர் பெற்றிருப்பினும் பவளத் திட்டு உயிருள்ளது. சிற்றுயிர்கள் சுரந்த சுண்ணாம்புக் கூட்டின்மீது படர்ந்திருக்கும் மெல்லிய தசைப் படலமே அதன் உயிர்ப்பகுதி. நோய் தாக்குவது இப்படலத்தைத்தான். தசை அழிந்த இடத்தில் வெண்ணிறக் கூடு வெளிப்படும். விரைவில் அதன்மேல் பாசி படரும். பிறகு இளம் பவளம் அங்கு ஒட்டி வளர்வது அரிது. வெப்ப மிகுதியால் பவளம் வெளிறுவது வேறு. அப்போது தசை உயிரோடிருக்க, அதனுள் வாழ்ந்து உணவளித்த நுண்பாசியே வெளியேறுகிறது. எனினும், வெளிறி நலிந்த பவளத்தை நோய் எளிதில் பற்றிக்கொள்கிறது.

நோய்க்கு மூலம் கடலிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவையொட்டி, 1996-இல் ஒருவகைக் கொம்புப் பவளத்தில் வெண் திட்டுகள் தோன்றின. 'வெண்ணம்மை' எனத்தக்க இந்நோயால் சில ஆண்டுகளிலேயே அப்பகுதியில் அவ்வினத்தின் பரப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. செரேஷியா மார்செசென்ஸ் என்னும் பாக்டீரியாவே காரணம் என்று 2002-இல் அறிவிக்கப்பட்டது. மனிதக் குடலிலும் காணப்படும் கிருமி இது. கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்த கிருமியைப் பவளத்தில் இட்டபோது நோய் உண்டானதை 2011-ஆம் ஆண்டு ஆய்வு மெய்ப்பித்தது. விலங்கிடமிருந்து மனிதனுக்கு நோய் வருவது பழகிய செய்தி; இங்கோ திசை மாறியிருந்தது. அத்தீவுகளில் வீட்டுக் கழிவுநீர் துளை மிகுந்த சுண்ணாம்புப் பாறையில் தோண்டிய குழிகளில் விடப்பட்டு, பாறையினூடே கடலை அடைந்துவந்தது. பின்னர் பெருஞ்செலவில் பொதுக் கழிவுநீர்க் குழாய்கள் அமைக்கப்பட்டன. ஆயினும், பிற்கால வெண்ணம்மையில் எப்போதும் இக்கிருமி காணப்படவில்லை. ஒரே அறிகுறிக்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம்.

2014-இல் மயாமி அருகே தொடங்கிய திசு அழிவு நோய் இதனினும் கொடியது. இருபதுக்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்களைத் தாக்கி, 2018-க்குள் மெக்சிகோவின் கரீபியக் கரையையும் அது எட்டியது. எக்கிருமி என்பது உறுதியாகவில்லை. நீரோட்டம் அதைப் பரப்புகிறது. கப்பல்களின் நிலைப்பு நீர்மீதும் ஐயம் உண்டு. அமாக்சிசிலின் கலந்த பசையைப் புண்ணின் ஓரத்தில் பூசி, மூழ்கு நீச்சலர் ஒவ்வொரு பவளமாகக் காக்கின்றனர். பெருங்கடலுக்கு இது சிறு மருத்துவமே.

பிளாஸ்டிக் கழிவு படிந்த பவளத்தில் நோய்வாய்ப்பு 4 விழுக்காட்டிலிருந்து 89 விழுக்காடாக உயர்வதை, ஆசிய-பசிபிக் பகுதித் திட்டுகளில் நடந்த ஆய்வு 2018-இல் காட்டியது. கச்சு வளைகுடா, மன்னார் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் ஆகிய நம் நாட்டுத் திட்டுகளுக்கும் இது பொருந்தக்கூடியதே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளம் எடுப்போரைத் தண்டிக்கும். திட்டின்மேல் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலையை அகற்றுவதற்கோ ஆள் வேண்டும், படகு வேண்டும், நிதி வேண்டும்.