லைன் என்றால் என்ன?

ஆங்கிலம் படிக்காத நம் தோட்டத்துப் பாட்டியும் ஒரு நாளில் பலமுறை சொல்லும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அதுதான் லைன். கைப்பேசி பேசவில்லை என்றால் "லைன் இல்லை" என்கிறோம். கிளினிக்கில் "லைனில் நில்" என்கிறோம். அடுத்த வீட்டுப் பையன் "எந்த லைனில் வேலை செய்கிறான்?" என்று கேட்கிறோம். சொல் ஒன்று, பொருள் மூன்று.

பள்ளியிலோ பிள்ளைகள் லைன் என்றால் கோடு என்று மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அப்படிப் படித்த பிள்ளை 'டிராப் மீ எ லைன்' என்ற வாக்கியத்தைக் கண்டால், "எனக்கு ஒரு கோடு போடு" என்று எழுதிவிடும். அதன் பொருள், "எனக்கு நாலு வரி கடிதம் எழுது" என்பதே.

இத்தனை பொருளும் எப்படி வந்தன? இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலையே முதலில் இது குறித்தது. நம் தச்சர்கள் மை தோய்த்த நூலைப் பலகையில் இழுத்துச் சுண்டுவார்கள், கோடு விழும். நூலிலிருந்து கோடு, கோட்டிலிருந்து வரிசை, வரிசையிலிருந்து எழுத்து வரி என்று பொருள் வளர்ந்தது. இரயில் பாதையும் லைன்தான். கெமாஸிலிருந்து நம் லாபிஸ் வழியாக ஜொகூர் பாருவுக்குச் செல்லும் பாதை 1909இல் திறக்கப்பட்டது. தந்திக் கம்பியும் தொலைபேசிக் கம்பியும் வந்தபோது அவையும் லைன் ஆயின. இன்று கம்பியே இல்லாத கைப்பேசிக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது, பாடம் படிக்கப் பிள்ளைகள் தேடி அலைந்தது இந்த லைனைத்தான்.

நம் குடியிருப்பின் பெயரும் இதில் சேர்ந்ததே. வெள்ளைக்காரர் ஆட்சியில் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கட்டிய குடிசைகளை லைன்ஸ் என்றார்கள். இந்திய நகரங்களில் போலீஸ் லைன்ஸ் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அதே பெயரைத் துரைமார் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கும் சூட்டினார்கள். இலங்கை மலையகத்தில் அது லயன் ஆயிற்று. நாம் லயம் என்றோம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் பரேட் என்ற பட்டாளச் சொல்லே. நம் முன்னோரை அணிவகுத்து நிற்கும் ஆட்களாகவே பார்த்த காலத்தின் தழும்பு இச்சொற்களில் இருக்கிறது என்பது நம் எண்ணம்.

சரி, எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படி அறிவது? பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பாருங்கள். மலாயும் நமக்குக் கைகொடுக்கும். வரைந்த கோடு காரிசான், ஆட்கள் நிற்கும் வரிசை பாரிசான், தொலைபேசித் தொடர்பு தாலியான். தாலி என்றால் மலாயில் கயிறு. அங்கும் கயிற்றிலிருந்தே சொல் பிறந்திருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை மலாய் பிரித்துக் காட்டுகிறது. பிள்ளைகளுக்கு இவை தெரிந்த சொற்கள்.

மருத்துவமனையில் தாதி "லைன் போட வேண்டும்" என்றால், நரம்பில் மெல்லிய குழாய் செருகி மருந்து ஏற்றப்போகிறார் என்று பொருள். அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டிய லைன் ஒன்று உண்டு: டெட்லைன். டெட் என்றால் இறந்த என்று பொருள் என்பதால், ஏதோ தொலைபேசி செத்துப்போன செய்தி என்று எண்ணிவிடக்கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஆண்டர்சன்வில் என்ற கைதிகள் முகாமில் மதிலுக்கு உட்புறமாக ஓர் எல்லை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். அந்த எல்லைக்குத்தான் டெட்லைன் என்று பெயர். இன்று அது கெடு நாளைக் குறிக்கிறது. பிள்ளையின் கல்வி உதவிப் படிவம் மலாயில் இருந்தால் அங்கே 'தாரிக் துத்துப்' என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றே. அந்த நாளுக்குள் படிவம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.