ஸ்லீவ்மோர்: கோடைக்கு மட்டும் திரும்பிய ஊர்

அயர்லாந்தின் நிலப்பரப்பு 60,000க்கும் மேற்பட்ட சிறு நிலக்கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றும் 'டவுன்லாண்டு' எனப்படும். பெயரில் நகரம் இருப்பினும் அது நகரைக் குறிப்பதன்று. சில குடும்பங்கள் வாழ்ந்து பயிரிட்ட நிலத்தையே குறிக்கும். ஓடையும் கல்வேலியும் எல்லைகளாக அமைந்த இக்கூறுகளுள் பல, 12 ஆம் நூற்றாண்டில் நார்மானியர் அங்கு வருவதற்கு முற்பட்டவை என்பர்.

1824 ஆம் ஆண்டில் தொடங்கிய நில அளவைப் பணி, ஒரு மைல் தொலைவை ஆறு அங்குலமாகச் சுருக்கி நாடு முழுமைக்கும் வரைபடம் ஆக்கியது. ஜான் ஓடோனவன் என்னும் அறிஞர் ஊர்தோறும் சென்று, மக்கள் வழங்கிய ஐரிய மொழிப் பெயர்களைக் கேட்டறிந்தார். எனினும், வரைபடத்தில் ஏறியவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கு ஏற்பத் திரிந்த வடிவங்களே. 'ஸ்லீவ்மோர்' என்பதும் அத்தகைய பெயர். ஐரிய மொழியில் 'பெருமலை' என்பது அதன் பொருள்.

மேற்குக் கரையில் மேயோ மாவட்டத்தைச் சார்ந்த அக்கில் தீவில், அப்பெருமலையின் தென்சரிவில் அமைந்துள்ளது இவ்வூர். ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள பழம்பாதையின் ஓரமாக 80 முதல் 100 வரையிலான வீடுகளின் சுவர்கள் நிற்கின்றன. ஒன்றுக்கும் கூரை இல்லை. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய ஓரறை வீடுகள் அவை. ஒரு பக்கம் மக்களும் மறுபக்கம் மாடுகளும் ஒரே கூரையின்கீழ்த் தங்கியதற்கு, சில வீடுகளில் காணப்படும் கழிவுநீர்க் கால்வாயும் சுவரில் பதித்த கட்டுவளையங்களும் சான்றாகின்றன. இதே சரிவில் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பெருங்கற்காலக் கல்லறைகளும் உள்ளன.

இங்கு நிலம் தனித்தனி வயல்களாக இருந்ததில்லை. 'ரண்டேல்' எனப்பட்ட கூட்டு முறையில், நல்ல மண்ணும் கல்மண்ணும் எல்லார்க்கும் கிடைக்குமாறு ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. கடற்பாசியை உரமாக இட்டு, மேட்டுப்பாத்திகளில் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். ஒரே பயிரை நம்பிய வாழ்வு அது.

1845 இல் உருளைக்கிழங்கில் பரவிய அழுகல் நோய், தொடர்ந்து பல ஆண்டுகள் பஞ்சத்தை நிலைபெறச் செய்தது. அயர்லாந்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஸ்லீவ்மோரையும் பஞ்சமே அழித்தது என்று சுருக்கிக் கூறுவது எளிது. அது முழு உண்மையன்று. குத்தகைச் சுமையும் பசியும் நெருக்கியபோது, பலர் மீனும் கடற்பாசியும் கிடைக்கும் கடற்கரைச் சிற்றூராகிய டூவாவுக்கு இறங்கிச் சென்றனர். ஆயினும், மலையூரை அவர்கள் கைவிடவில்லை. கோடைதோறும் இளையோர் மாடுகளை ஓட்டிக்கொண்டு பழைய வீடுகளுக்கு ஏறிவந்தனர். அங்கேயே தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுத்தனர். குளிர்காலத்திற்கு முன் கீழிறங்கினர். 'பூலி' எனப்படும் இக்கோடைக் குடியிருப்பு வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஓர் ஊர் ஒரே நாளில் மறைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

1950களில் இங்கு வந்த ஜெர்மானிய எழுத்தாளர் ஹைன்ரிக் போல், 1957 இல் வெளியிட்ட தம் அயர்லாந்து நாட்குறிப்பு நூலில் இவ்வூருக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். 1972 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அதனால் இவ்வூர் உலகறிந்தது. ஆயினும், இங்கு வாழ்ந்தோரின் பெயர்களை அறிவது அத்துணை எளிதன்று. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கேடுகளுள் பெரும்பகுதி, 1922 இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக்காப்பகத்தில் மூண்ட தீயில் எரிந்தது. ரிச்சர்டு கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை டவுன்லாண்டு வாரியாகத் தொகுக்கப்பட்ட நில மதிப்பீட்டு ஏடுகள் எஞ்சியுள்ளன. அவை வரி விதிப்பிற்காக எழுந்தவை. நிலத்தை வைத்திருந்தவர், நிலவுடைமையாளர், பரப்பு, மதிப்பு ஆகியவற்றையே குறிக்கும். மாடு மேய்த்த சிறுமியரின் பெயர்களை அவற்றில் தேடிப் பயனில்லை.

ஏடு சொல்லாததை மண் ஓரளவு சொல்கிறது. 1991 இல் தொடங்கி இங்குத் தொல்லியல் களப்பள்ளி ஒன்று அகழாய்வு நடத்தியது. வீடுகளைச் சுற்றிய சரிவெங்கும் பழைய மேட்டுப்பாத்திகள் புல் மூடிக் கிடக்கின்றன. நண்பகலில் அவை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. மாலை வெயில் சாய்ந்து விழும்போது, ஒவ்வொரு பாத்தியும் தன் நிழலால் தனித்துத் தெரிகிறது.