ஏப்ரல் பனி ஏன் சரியுது?

திருத்தணியில ஏப்ரல் மாசம் காலை பத்து மணிக்கே மலைப்படி காலைச் சுடும். அந்த ஊர்க்காரன் பனிச்சரிவு பத்தி எழுதுறது கொஞ்சம் ஓவர்தான். ஆனா செமஸ்டர் முடிஞ்சதும் நம்ம பசங்க மணாலி, சிக்கிம்னு கிளம்புறாங்களே, அதுக்காகத்தான்.

2023 ஏப்ரல் 4. காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் ஜவஹர்லால் நேரு சாலையில் பனி சரிந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். யாரும் சிகரம் ஏறப் போனவர்கள் இல்லை. நம்மள மாதிரி பனியில விளையாடப் போனவங்க. அனுமதி 13வது மைல் வரைக்கும்தான். விபத்து நடந்தது 15வது மைல் பக்கத்தில். "அண்ணா, இன்னும் கொஞ்ச தூரம் போலாம்ணா"ன்னு டிரைவர்கிட்ட நாம கெஞ்சுவோமே, அந்தக் கொஞ்ச தூரம்.

குளிர் குறைஞ்சா ஆபத்தும் குறையும்னு தோணும். அப்படி இல்லை. வெயில் ஏற ஏற மேல்பனி உருகி, தண்ணி உள்ளே இறங்குது. பனித்துகள்களைப் பிடிச்சு வெச்சிருந்த பிணைப்பு தளர்ந்துபோகுது. முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல சாய்தளத்துல ஒரு பிளாக் வெச்சு உராய்வு கணக்கு போட்டோமே, அதேதான். எடை அப்படியே இருக்கு, பிடிமானம் மட்டும் போயிடுச்சு. போதாததுக்கு மார்ச், ஏப்ரல்லயும் இமயமலையில புதுப்பனி விழும்.

பெரும்பாலான சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புபவை. அதைவிட ரொம்பச் செங்குத்தா இருந்தா பனி அதிகம் தங்காது, அப்பப்போ உதிர்ந்துடும். ஆனா நாம நிக்கிற இடம் சமதளமா இருக்கறதால ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது தலைக்கு மேல இருக்கிற சரிவை. போன்ல இருக்கிற கோணமானியே போதும்.

ராத்திரி வானம் தெளிவா இருந்தா பனி இறுகும். விடியற்காலையில நடந்துட்டு வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடலாம். ராத்திரி மேகமூட்டமா இருந்தா சரியா இறுகாது, அப்போ காலையும் நம்ப முடியாது. கால் முழங்கால் வரை புதையுதா, மேலேயிருந்து பனி உருண்டை உருண்டையா வருதா, உடனே திரும்பிடணும்.

புதைஞ்சவங்களைச் சுமார் 15 நிமிஷத்துக்குள்ள எடுத்தாத்தான் பிழைக்கிற வாய்ப்பு நல்லா இருக்கும். சரிஞ்சு நின்ன ஈரப்பனி கான்கிரீட் மாதிரி இறுகிடும், கையால தோண்ட முடியாது. மீட்புப்படை வர்றதுக்குள்ள அந்த நேரம் போயிடும். கூட வந்தவங்கதான் எடுக்கணும். அதனாலதான் பனிமலை ஏறுறவங்க ஆளுக்கொரு சிக்னல் கருவி, நீளக் குச்சி, மண்வெட்டி கொண்டு போறாங்க. நம்மகிட்ட இருக்கறது செல்ஃபி ஸ்டிக்.

சண்டிகரில் இருக்கிற டி.ஜி.ஆர்.இ. பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுது. 2025 பிப்ரவரி 28-ல் உத்தராகண்ட் மாணா பக்கத்தில் சாலைப்பணித் தொழிலாளர்கள் 8 பேர் இறந்த சரிவுக்கு முந்தின நாளே அந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தது. கிளம்புறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

எங்க டூர் பிளான்ல 'ஸ்னோ பாயின்ட், மதியம் 2 மணி'ன்னு இருந்துச்சு. காலை 6-க்கு மாத்தியாச்சு. ஒருத்தன் மட்டும் எழுந்திருக்கவே மாட்டேன்னு குரூப்ல சண்டை போட்டுட்டு இருக்கான்.