மாட்டின் தோலும் வயதும்

மாட்டின் தோலானது வெறும் போர்வையன்று. அது வியர்வையினால் உடற்சூட்டைத் தணிக்கிறது; நோய்க்கிருமிகள் உட்புகாவண்ணம் காக்கிறது; மாடு இறந்த பின்னரும் விலை பெறுகிறது. ஆனால் அவ்விலை, மாடு உயிரோடிருக்கும் காலத்திலேயே பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது. இதன் காரணம் தோலின் அமைப்பில் உள்ளது.

தோல் மூன்று அடுக்குகளை உடையது. வெளியே இருப்பது மேல்தோல். மொத்தக் கனத்தில் ஏறக்குறைய 100-இல் 1 பங்கேயாகிய இது, செதிலாக உதிர்ந்து மீண்டும் வளர்வது. அதன் கீழுள்ளது மெய்த்தோல். இதன் மேற்பாகத்தில் மயிர்க்கால்களும், எண்ணெய், வியர்வைச் சுரப்பிகளும் இருக்கின்றன. கீழ்ப்பாகத்தில் நார்கள் கற்றைகளாகப் பின்னிக் கிடக்கின்றன. அடியிலுள்ள தளர்ந்த சவ்வு தோலைத் தசையோடு இணைக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் பதனிடுவோர் மேல்தோலையும் சவ்வையும் நீக்கி, மெய்த்தோலையே பதனிடுகின்றனர்.

கன்று பிறக்கும்போதே மயிர்க்கால்கள் அமைந்துவிடுகின்றன. உடல் வளர வளர அவை விலகி நிற்கின்றன. ஆதலால் கன்றுத்தோலின் மேற்புறம் நுண்மையாகவும், வளர்ந்த மாட்டின் தோல் சற்றுப் பரும்படியாகவும் இருக்கும். வளர்ச்சியில் நார்க்கற்றைகள் தடித்துத் தோல் வலிமை பெறுகிறது. முதுமையிலோ நார்கள் விறைத்து, அடிக்கொழுப்பு குன்றி, தோல் தளர்ந்து மடிப்பு விழுகிறது. புண் ஆறவும் தாமதமாகிறது.

கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் இளமாட்டில் அது உடனே படியும். கிழமாட்டில் மெதுவாகவே படியும். கழிச்சலால் உடலின் நீர் வற்றிய மாட்டிலும் அவ்வாறே நிகழும். எனவே கிழமாட்டைச் சோதிக்கையில் கண் குழிவையும் வாயின் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

சூட்டுக்கோல், நுகப்புண், முட்கம்பிக் கீறல் ஆகியவை மெய்த்தோலின் ஆழம்வரை சென்றால், அவ்விடத்தில் மயிர்க்காலும் சுரப்பியும் மீண்டும் பெரும்பாலும் உண்டாவதில்லை. ஒழுங்கற்ற நார்களாலான வடுவே எஞ்சும். உண்ணி கடித்த இடங்களிலும் பதனிட்ட தோலில் புள்ளிகள் தெரியும். மாட்டிற்கு வயது ஏற ஏற இவ்வடுக்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. முதிர்ந்த தோல் விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆகவே சங்க அங்கத்தினர்கள் நோய்க்குச் சூடு போடும் வழக்கத்தை விட்டொழித்தல் நலம். அடையாளத்திற்குக் காதுவில்லை போதும். நுகத்தடி கழுத்தில் உராயாதபடி இழைத்து வைத்தலும், உண்ணிகளைக் காலத்தில் அகற்றுதலும், கொட்டிலில் துருத்தி நிற்கும் ஆணிகளைப் பிடுங்குதலும் செலவில்லாத, அல்லது சிறு செலவிலாகும் காரியங்கள். இவற்றால் மாட்டிற்கு நோவு குறையும். உழவிற்கும் தடை நேராது. முடிவில் தோலும் நல்ல விலை பெறும்.