வேகம் குறையும்போது நிற்கும் என்ஜின்

ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லும். ஊருக்குள் நுழைந்து, சிக்னலை நெருங்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்ததும் என்ஜின் ஒருமுறை குலுங்கி அடங்கிவிடும். சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடவாததுபோல மீண்டும் இயங்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே ஒருமுறைகூட நிற்காது. பெட்ரோலில் ஓடும் பழைய சிறிய கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்தத் தொல்லையை அறிவார்கள்.

இதை வெறும் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது என்ஜின் நின்றால் இரண்டு துணைகள் ஓட்டுநரைக் கைவிடுகின்றன. ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் மின்மோட்டார், பல சிறிய கார்களில் என்ஜின் நின்றதும் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். ஸ்டீயரிங் திடீரெனக் கனக்கும். பிரேக்குக்கு வலுவூட்டும் பூஸ்டரோ, என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை நம்பி இருப்பது. அதில் மிச்சமிருப்பது இரண்டு, மூன்று மிதிகளுக்குத்தான் வரும். அதன் பிறகும் பிரேக் பிடிக்கும். ஆனால், கால் வலுவையெல்லாம் திரட்டி மிதிக்க வேண்டியிருக்கும். எனவே, அத்தகைய தருணத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடிக்க வேண்டும். வண்டி முற்றிலும் நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ஏன் வேகம் குறையும்போது மட்டும் நிற்கிறது? பழுதின் விடை பெரும்பாலும் இந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றை அளந்து உள்ளே விடும் சிறு கதவுதான் த்ராட்டில். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நாம் பெட்ரோலைத் திறந்துவிடுவதாக நினைக்கிறோம். உண்மையில் திறப்பது காற்றின் கதவை. அதற்கேற்ற பெட்ரோலை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி கணக்கிட்டுப் பீய்ச்சுகிறது. கியரில் ஓடும் வண்டியில் காலை எடுத்தால் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. கணினியும் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. அந்த நொடிகளில் என்ஜினைச் சுழலவைப்பவை உருளும் சக்கரங்கள்தாம். (சரிவுகளில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புவோர் இன்னமும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. இன்றைய வண்டியில் நியூட்ரலில்தான் பெட்ரோல் செலவாகிறது. கியரில் இறங்கும்போது செலவாவதில்லை. போதாக்குறைக்கு, மலைப்பாதையில் என்ஜின் தரும் தடையையும் இழக்கிறோம்.)

வேகம் மேலும் குறைந்து, சுழற்சி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கணினி மறுபடியும் பெட்ரோலைத் தொடங்க வேண்டும். அதே வேளையில் ஓட்டுநர் கிளட்சை மிதிக்கிறார். சக்கரங்களின் துணை அறுபடுகிறது. நிமிடத்துக்கு 700 முதல் 900 வரையிலான சுழற்சியில், அதாவது ஐட்லிங்கில், என்ஜின் தன் காலிலேயே நிற்க வேண்டும். கைபிடித்து நடந்த குழந்தையின் கையை விடும் கணம் போன்றது அது. அப்போது என்ஜினுக்கு வேண்டிய காற்று மூடிய கதவின் ஓரத்து மெல்லிய இடைவெளி வழியாகவோ, அதற்கென்றே அமைந்த சிறு வால்வின் வழியாகவோ வருகிறது. அந்த வழி அடைபட்டிருந்தால் குழந்தை விழுகிறது.

அடைப்பது எது? என்ஜினுக்குள் கசியும் வாயுவும் எண்ணெய் ஆவியும் வெளியே மாசாகக் கலந்துவிடாமல் மீண்டும் உள்ளே உறிஞ்சப்படுகின்றன. அந்த எண்ணெய்ப் பிசுக்கும் வடிகட்டியைக் கடந்து வரும் நுண்தூசியும் த்ராட்டிலின் விளிம்பில் கரிய படலமாகப் படிகின்றன. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. படலம் தடிக்கத் தடிக்கக் கணினி வால்வைச் சற்றே கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிக்கொண்டே வருகிறது. உரிமையாளருக்கு எதுவும் தெரிவதில்லை. ஈடுகட்டும் எல்லை தீர்ந்த அன்று வண்டி நிற்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த குறை ஒரே நாளில் வந்ததுபோலத் தோன்றுகிறது. மானியத்தால் மறைக்கப்பட்ட நட்டம் நிதிநிலை அறிக்கையில் திடீரென வெளிப்படுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

கரி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நிற்கிறதென்றால் பூஸ்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். அதன் வழியாகக் கணக்கில் வராத காற்று என்ஜினுக்குள் புகுகிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பார்த்தால் போதும். சுழற்சி தாழ்ந்து தடுமாறினாலோ, பெடலின் அடியில் 'உஸ்' என்ற ஒலி கேட்டாலோ குற்றவாளி அகப்பட்டுவிட்டது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஏசி ஓடும்போது மட்டும் நின்றால், கூடுதல் சுமையை ஐட்லிங் தாங்கவில்லை என்று பொருள். மறுபடியும் த்ராட்டில் பக்கமே பார்க்க வேண்டும். புது பேட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து நின்றால், மின்தொடர்பு அறுந்தபோது கணினி தான் கற்று வைத்திருந்த ஐட்லிங் அளவை மறந்திருக்கக்கூடும். கிளட்சை முழுவதும் மிதித்தும் கியர் கரகரத்து விழுந்தால், கிளட்ச் சரியாக விடுபடாமல் சக்கரங்களே என்ஜினை அமுக்கி நிறுத்துகின்றன.

பெட்ரோல் பம்ப் பலவீனமாகிவிட்டதோ என்பதுதான் பலரின் முதல் ஐயம். பலவீனமான பம்ப் பெரும்பாலும் ஏற்றத்திலும், முந்திச் செல்ல அழுத்தி மிதிக்கும்போதும்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்போதுதான் பெட்ரோலின் தேவை மிகுதி. ஏற்றத்தில் திணறாமல் ஏறும் வண்டி சிக்னலில் நின்றால் பம்பைச் சந்தேகிப்பது பொருந்தாது. எத்தனால் கலந்த பெட்ரோல் மீது இப்போது எல்லாப் பழியும் விழுகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களை அது பாதிக்குமா என்பது தனியாகப் பேச வேண்டிய ஒன்று. ஆனால், எரிபொருளில் கோளாறு என்றால் அது வேகம் குறையும் நேரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்க வேண்டிய காரணமில்லை.

இனி எனக்குப் பழக்கமான துறைக்கு வருகிறேன். என்னுடைய பதினோரு ஆண்டுப் பழைய காரில் இதே கோளாறு வந்தபோது, பெரிய பணிமனை ஒன்றில் பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும் என்றார்கள். மதிப்பீடு 9,000 ரூபாய். ஏற்றத்தில் வண்டி எப்படி ஏறுகிறது என்று எவரும் கேட்கவில்லை. தெருமுனையில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் மெக்கானிக் அதைத்தான் முதலில் கேட்டார். "ஐயா, மேடு ஏறும்போது இழுக்குதா?" நன்றாக ஏறுகிறது என்றதும் த்ராட்டிலைக் கழற்றிக் காட்டினார். விளிம்பு முழுவதும் தார் பூசியதுபோல இருந்தது. முக்கால் மணி நேர வேலை, 700 ரூபாய்.

பெரிய பணிமனையில் இருந்தவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் கருதவில்லை. அவர்களுக்கு அமைந்த ஊக்குவிப்பு அப்படி. 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளியலாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை, வாங்கிய பிறகும் தரத்தை அறிய முடியாத சேவைகளைப் பற்றியது. என்ன பழுது என்று சொல்பவரும் அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒருவராகவே இருக்கும்போது, தேவைக்கு மேல் விற்பதற்கான தூண்டுதல் அந்த அமைப்பிலேயே பிறக்கிறது. பம்பை மாற்றும்போது த்ராட்டிலையும் துடைத்துவிட்டால் வண்டி சரியாகிவிடும். எது சரிசெய்தது என்பது வாடிக்கையாளருக்குக் கடைசிவரை தெரியாது. மருத்துவத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கொடுக்க நாம் பழகியிருக்கிறோம். மெக்கானிக் அரை மணி நேரம் வண்டியை ஓட்டிப் பார்த்து, 'ஒன்றும் மாற்ற வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அறிவுக்கு விலை கொடுக்காத இடத்தில் அந்த விலை உதிரி பாகத்தின் தலையில்தான் ஏறும்.

எதை முதலில் சோதிப்பது என்பதற்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, கோளாறு த்ராட்டிலில் இருக்க 60 சதவீத வாய்ப்பு, சுத்தம் செய்ய 800 ரூபாய். பம்பில் இருக்க 20 சதவீத வாய்ப்பு, மாற்ற 8,000 ரூபாய் என்று கொள்வோம். வாய்ப்பைச் செலவால் வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு ரூபாய்க்கும் முதல் சோதனை 30 மடங்கு பயன் தருகிறது. வாய்ப்புகள் சரிசமமாக இருந்தாலும் மலிவானதையே முதலில் செய்ய வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் எவரும் கற்றுத் தராமலேயே இந்த வரிசையில் போகிறார்கள்.

ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். ஸ்கேனர் பயனுள்ள கருவிதான். ஆனால், அது காட்டும் குறியீடு புகார், தீர்ப்பல்ல. 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று குறியீடு வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் உண்டு. எங்கோ வெடித்த ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுவதை அந்த சென்சார் ஒழுங்காகச் சொல்லியிருக்கும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அத்துடன், த்ராட்டிலில் படியும் கரிக்குப் பல வேளைகளில் குறியீடே வருவதில்லை. ஈடுகட்டும்வரை கணினிக்கு அது கோளாறே அல்ல.

தெருமுனை மெக்கானிக்குக்கு இன்று திறமையைவிடத் தகவல்தான் பற்றாக்குறை. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்கு எட்டவிடாமல் வைத்திருந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று.

இத்தகைய தளத்தில் இருக்க வேண்டியது விளம்பரக் கையேடு அல்ல. த்ராட்டிலைச் சுத்தம் செய்த பிறகு பல கார்களில் ஐட்லிங் அளவுக்கு மேல் எகிறும். கணினி பழைய அழுக்குக்கு ஏற்றபடி வால்வைத் திறந்தே வைத்திருப்பதுதான் காரணம். அதற்குப் புதிய நிலையைக் கற்பிக்க வேண்டும். சாவியை எத்தனை நொடி எந்த நிலையில் வைப்பது, ஏசியை எப்போது அணைப்பது என்ற அந்த முறை வண்டிக்கு வண்டி மாறும்; சிலவற்றுக்கு ஸ்கேனரே தேவை. அதை அறியாத மெக்கானிக்கிடம், நல்ல வேலை செய்திருந்தும், "வண்டியைக் கெடுத்துவிட்டீர்களே" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். இந்த ஒரு பக்கக் குறிப்பை ஒவ்வொரு காருக்கும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட நிறுவனங்களுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பமே.